அடையாற்றிலிருந்து வியன்னாவுக்கு: மூல இனக் கோட்பாடும் தீவிர அரசியலும்

ஆய்வுச்சுருக்கம்

மறைஞான நம்பிக்கைகள் தீவிர அரசியல் கருத்தியல்களுக்கு ஊட்டமளித்தன என்ற கருத்து ஐரோப்பிய வரலாற்றாய்வில் பல பத்தாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அவ்விவாதத்தின் முதன்மைச் சான்றாகிய மூல இனக் கோட்பாடு, சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையினரால் பரப்பப்பட்டது. ஒரே கோட்பாடு ஆஸ்திரியாவில் ஆரிய மறைஞானமாகவும், தமிழகத்தில் இலெமூரியா பற்றிய பேச்சாகவும், அடையாற்றிலேயே சாதிப் படிநிலையின் நியாயமாகவும் உருமாறிய விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. நிக்கலஸ் குட்ரிக்-கிளார்க், சுமதி இராமசாமி ஆகியோரின் ஆய்வுநிலைகள் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மறைஞானம், பிரம்மஞான சபை, மூல இனம், ஆரிய மறைஞானம், இலெமூரியா, குமரிக்கண்டம், அயோத்திதாசர்.

முன்னுரை

ஒரு நம்பிக்கை அரசியலாக மாறும்போது அந்நம்பிக்கையின் உள்ளடக்கத்தைக் காட்டிலும் அது சான்று காட்டும் முறையே கூடுதலான விளைவை உண்டாக்குகிறது. நாசிசத்தின் மறைஞான வேர்கள் பற்றிய பரவலான எழுத்துகள் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்வதில்லை. 1960இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த லூயி போவெல், ழாக் பெர்ஜியே ஆகியோரின் நூலும், 1972இல் டிரெவர் ரேவன்ஸ்கிராஃப்ட் எழுதிய புனித ஈட்டி பற்றிய நூலும், ஹிட்லரை ஏதோ ஓர் இருண்ட ஆற்றலின் கருவியாகச் சித்திரித்தன. ஒரு கருத்தியலை அமானுடமாக்கிவிட்டால் அதற்கு வாக்களித்தவர்களையும் அதனால் பயனடைந்தவர்களையும் விசாரிக்கத் தேவையில்லாமற் போகிறது. அந்த வகையில் இந்நூல்கள் தாம் விளக்க வந்த மறைஞானத்தின் வேலையைத் தாமே செய்துவிட்டன எனலாம்.

இதற்கு மாறாக, குட்ரிக்-கிளார்க் தம் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வேட்டை அடிப்படையாகக் கொண்டு 1985இல் வெளியிட்ட நாசிசத்தின் மறைஞான வேர்கள் பற்றிய நூல், ஆவணங்களின் துணையோடு ஒரு கருத்து மரபைத் தடங்கண்டது. ஆரிய மறைஞானிகள் நாசிசத்தின் காரணம் அல்லர்; நாசிசத்தைச் சாத்தியமாக்கிய மனநிலையின் அறிகுறிகள் என்பதே அவர் முடிவு. இந்நிதானம் பாராட்டத்தக்கது. எனினும் அவர் காட்டும் வழித்தடத்தில் அடையாறு ஒரு தங்குமிடமாக மட்டுமே வந்து போகிறது. அத்தங்குமிடத்தில் நிகழ்ந்தவற்றைத் தமிழ்ச் சூழலிலிருந்து நோக்கும்போது, காரணம், அறிகுறி என்ற இரண்டிலும் அடங்காத வேறொன்று புலப்படுகிறது.

கோட்பாட்டின் பிறப்பு

1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலறிஞர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட தேவாங்கினத்தை ஒத்த உயிர்களின் பரவலை விளக்குவதற்காக இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய நிலப்பரப்பு ஒன்றைக் கருதுகோளாக முன்வைத்து, அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். கண்டங்கள் நகரும் என்ற கருத்து உருவாகாத காலத்தில் அது முறையான அறிவியல் ஊகமே. எர்னஸ்ட் ஹெக்கல் அந்நிலத்தை மனித இனத்தின் தொட்டிலாகக் கருதலாம் என்றபோது, விலங்குகளுக்காகப் பிறந்த கண்டத்தில் மனிதர்கள் குடியேறினர்.

1875இல் நியூயார்க்கில் தோன்றிய பிரம்மஞான சபை 1879இல் பம்பாய்க்கும், 1882 இறுதியில் அடையாற்றுக்கும் இடம்பெயர்ந்தது. அதன் நிறுவுநர்களுள் ஒருவரான எலெனா பிளவாட்ஸ்கி, 'இரகசியக் கோட்பாடு' என்னும் தம் பெருநூலை 1888இல் இலண்டனில் வெளியிட்டார். மனிதகுலம் ஏழு மூல இனங்களாகப் படிமுறையில் வளர்கிறது என்பதும், மூன்றாவது இனம் இலெமூரியர், நான்காவது அட்லாண்டியர், ஐந்தாவது ஆரியர் என்பதும் அந்நூலின் வரலாற்றுச் சட்டகம். இதற்கான சான்று 'த்சியான்' என்னும், எவரும் கண்டிராத ஒரு தொன்னூல். அது எழுதப்பட்டதாகக் கூறப்படும் 'சென்சார்' மொழியும் எந்த மொழிநூலாருக்கும் தெரியாதது.

பிளவாட்ஸ்கியின் இனக்கருத்தைப் பிற்கால இனவாதத்தோடு அப்படியே சமன்படுத்துவது தவறு. சாதி, நிறம், பால், சமய வேறுபாடற்ற உலக சகோதரத்துவமே சபையின் முதல் நோக்கம். அவர் கூறிய ஆரியர் என்ற வகைமை இந்தியரையும் உள்ளடக்கியது. ஆங்கிலேய ஆட்சியாளருக்கு அது உவப்பளிக்கவில்லை. ஆயினும் அதே நூல் ஆஸ்திரேலிய, டாஸ்மேனியப் பழங்குடிகளைக் கழிந்துபோன இனங்களின் எச்சங்களாகக் கண்டு, அவர்களின் அழிவைக் கர்மவினையின் தேவையாக விளக்குகிறது. குடியேற்றக்காரரின் துப்பாக்கியால் நிகழ்ந்த அழிவு இங்கு அண்டவிதியாகிவிடுகிறது. சகோதரத்துவமும் இப்படிநிலையும் ஒரே நூலில் உடன்வாழ்கின்றன. எதை எடுத்துக்கொள்வது என்பது எடுப்பவரின் அரசியலைப் பொறுத்தது.

அடையாற்றின் ஐயங்கள்

இக்கோட்பாடு எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதாகக் கருதவியலாது. 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ், சபையில் பணிபுரிந்த கூலோம் தம்பதியர் அளித்த கடிதங்களை வெளியிட்டு, மகாத்மாக்களிடமிருந்து வருவதாகக் கூறப்பட்ட மடல்கள் போலியானவை என்று குற்றஞ்சாட்டியது. இலண்டனின் உளவியல் ஆராய்ச்சிக் கழகம் அனுப்பிய ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் அடையாற்றில் விசாரணை நடத்தி, 1885இல் வெளிவந்த அறிக்கையில் பிளவாட்ஸ்கிக்கு எதிரான முடிவையே எட்டினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே கழகத்தின் இதழில் வெர்னான் ஹாரிசன் அவ்வறிக்கையின் முறையியலைக் கடுமையாக விமர்சித்தார் என்பதும் இங்குச் சேர்த்தெண்ணத்தக்கது.

வெளியார் எழுப்பிய ஐயத்தைக் காட்டிலும் உள்ளிருந்து எழுந்த மறுப்பு ஆய்வுக்கு உரியது. சென்னையில் வழக்கறிஞராக இருந்த தி. சுப்பாராவ் பிளவாட்ஸ்கியின் வேதாந்த ஆலோசகர் போன்றவர். மனிதக் கூறுகளை ஏழாகப் பகுக்கும் முறையில் அவருக்கு உடன்பாடில்லை. 'இரகசியக் கோட்பாடு' நூலின் கைப்படி திருத்தத்திற்காக அனுப்பப்பட்டபோது அவர் அதை ஏற்க மறுத்தார். இந்திய மரபின் பெயரால் எழுதப்பட்ட நூலை, அம்மரபை அறிந்த சென்னைவாசி ஒருவர் செப்பனிட முன்வரவில்லை. ஐரோப்பாவில் அந்நூலைப் படித்தவர்களுக்கு இம்மறுப்பு எட்டியிருக்க வாய்ப்புக் குறைவு; கீழைஞானம் என்ற முத்திரையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

வியன்னா வழித்தடம்

கூலோம் விவகாரம் வெடித்த நாள்களில் அடையாற்றின் நிர்வாகக் குழுவில் முக்கியப் பங்கு வகித்தவர் ஃபிரான்ஸ் ஹார்ட்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1883 இறுதியில் அடையாற்றுக்கு வந்து, 1885இல் பிளவாட்ஸ்கியோடு ஐரோப்பா திரும்பினார். 1892 முதல் அவர் நடத்திய 'லோட்டஸ்புளூட்டன்' (தாமரை மலர்கள்) இதழே, அட்டையில் சுவத்திகச் சின்னத்தைத் தாங்கிய முதல் ஜெர்மானிய வெளியீடு என்கிறார் குட்ரிக்-கிளார்க். சுவத்திகம் ஜெர்மனிக்கு இவ்வழியாக மட்டுமே சென்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. திராய் அகழாய்வில் ஹைன்ரிஷ் ஷ்லீமன் கண்ட சின்னங்கள் ஏற்கெனவே ஆரியப் பெருமிதத்திற்குத் தீனியாகியிருந்தன.

ஹார்ட்மன் பிற்காலத்தில் பெரிதும் பாராட்டியவர்களுள் வியன்னாவின் கிவிடோ ஃபோன் லிஸ்ட் ஒருவர். 1902இல் கண்புரை அறுவைக்குப் பின் பல மாதங்கள் பார்வையின்றி இருந்த லிஸ்ட், அக்காலத்தில் பண்டை ஜெர்மானிய ரூன் எழுத்துகளின் உட்பொருள் தமக்கு வெளிப்பட்டதாகக் கூறினார். 1908இல் ரூன் எழுத்துகளின் இரகசியம் பற்றிய அவர் நூலும் அவர் பெயரிலான கழகமும் தோன்றின. ஜெர்மானிய நிலத்தை ஒருகாலத்தில் ஆண்ட குருமன்னர் மரபு ஒன்று கிறித்தவத்தால் ஒடுக்கப்பட்டு மறைந்து வாழ்ந்தது என்ற அவர் கதையில், மூல இனங்கள் அப்படியே இடம்பெறுகின்றன. இமயமலை மகாத்மாக்களின் இடத்தில் ஜெர்மானியக் குருமார் அமர்ந்தனர்.

முன்னாள் கிறித்தவத் துறவியான லான்ஸ் ஃபோன் லீபன்ஃபெல்ஸ் இதைக் கொடூரமான எல்லைக்குக் கொண்டுசென்றார். 1905இல் வெளிவந்த அவருடைய 'தியோசூவலஜி' நூல், ஆரியர் விலங்கோடு கலந்ததால் வீழ்ந்தனர் என்றும், தாழ்ந்த இனங்களை மலடாக்க வேண்டும் என்றும் வாதிட்டது. அதே ஆண்டில் 'ஒஸ்தாரா' இதழைத் தொடங்கிய அவர், 1907இல் வெர்ஃபன்ஸ்டைன் கோட்டையில் சுவத்திகக் கொடியை ஏற்றினார். பிளவாட்ஸ்கியிடம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிகழும் மெதுவான வளர்ச்சியாக இருந்தது, லான்ஸிடம் இன்றே அரசு செய்து முடிக்க வேண்டிய இனத்தூய்மை வேலையாயிற்று. அண்டகாலம் நிருவாகக் காலமாகச் சுருங்கிய இத்திருப்பமே இக்கருத்து மரபின் மிக ஆபத்தான கணம். கர்மவினை செய்யும் என்று கூறப்பட்டதை மனிதர் செய்யலாம் என்றாகும்போது அழித்தல் அறமாகிறது.

இதன்பின் உள்ள கண்ணிகள் நன்கறியப்பட்டவை. 1912இல் ஜெர்மானென் ஓர்டன் என்ற இரகசிய அமைப்பு, 1918இல் மியூனிக்கில் ருடோல்ஃப் ஃபோன் செபட்டன்டார்ஃப் நடத்திய தூலே கழகம், அதன் தொடர்பாளர் கார்ல் ஹாரர் ஆன்டன் டிரெக்ஸ்லரோடு சேர்ந்து 1919 ஜனவரியில் தொடங்கிய ஜெர்மன் தொழிலாளர் கட்சி. அதே ஆண்டு செப்டம்பரில் ஹிட்லர் அக்கட்சியில் சேர்ந்தார். இச்சங்கிலியை இறுக்கமாக இழுத்தால் அறுந்துவிடும். ஹிட்லர் வியன்னாவில் தம்மைச் சந்தித்ததாக லான்ஸ் பிற்காலத்தில் கூறியதையே வில்ஃப்ரைட் டைம் 1958இல் நூலாக்கினார். சந்தித்தவரின் சொல்லைத் தவிர வேறு உறுதியான சான்று இல்லை. 'மைன் கம்ஃப்' நூலில் பழமை பேசித் திரியும் இனவாத நாடோடிகளை ஹிட்லர் எள்ளி நகையாடுகிறார். தம் இயக்கத்தின் முன்னோடிகள் தாமே என்று 1933இல் நூல் எழுதிய செபட்டன்டார்ஃபின் படைப்பு தடைசெய்யப்பட்டது. பிரம்மஞான அமைப்புகள் 1937இல் ஜெர்மனியில் கலைக்கப்பட்டன. 1941இல் ருடோல்ஃப் ஹெஸ் பிரிட்டனுக்குப் பறந்து சென்றதும் சோதிடர்கள்மீதும் மறைஞானிகள்மீதும் பெரும் ஒடுக்குமுறை ஏவப்பட்டது. மறுபுறம், தம்மை மறைஞானி என்று கூறிக்கொண்ட கார்ல் மரியா வீலிகுட்டை ஹிம்லர் அருகில் வைத்துக்கொண்டார். 1935இல் தோன்றிய 'அனனெர்பே' நிறுவனத்தின் வழி ஆரிய முன்னோரைத் தேடினார். மறைஞானத்தைத் தடைசெய்த ஆட்சியே தனக்கென ஒன்றை வைத்திருந்தது.

கோரின்னா டிரைட்டல் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு திருத்தத்தை வழங்குகிறது. ஜெர்மானிய மறைஞானிகளுள் தாராளவாதிகளும் பெண்ணுரிமையாளரும் சீர்திருத்தக்காரரும் நிறைந்திருந்தனர். ஆகவே மறைஞானம் என்றாலே தீவிர வலதுசாரி என்ற சமன்பாடு செல்லாது. அவ்வாறாயின் எந்த மறைஞானம், எந்தச் சூழலில் அவ்வாறு ஆகிறது என்ற வினா எஞ்சுகிறது. இவ்வினாவுக்குத் தமிழகம் ஓர் ஒப்பீட்டுக் களமாக உதவுகிறது.

குமரிக்கண்டமும் இலெமூரியாவும்

கடல்கோள் பற்றிய தமிழ் நினைவு பிரம்மஞானிகளிடமிருந்து வந்ததன்று. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தி சிலப்பதிகாரத்தில் உண்டு. முச்சங்க வரலாறு இறையனார் களவியல் உரையில் உண்டு. எழுநூறு காவதமும் நாற்பத்தொன்பது நாடுகளும் அடியார்க்குநல்லார் உரையில் கணக்கிடப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நினைவின்மீது இலெமூரியா என்ற ஐரோப்பியப் பெயர் படிந்தது. அப்பெயர் அறிவியலின் வழியாகவும் வந்தது, மறைஞானத்தின் வழியாகவும் வந்தது. இரண்டுக்கும் இடையே எப்போதும் கோடு கிழிக்கப்படவில்லை. பிரம்மஞானியான ஸ்காட்-எலியட் 1904இல் வெளியிட்ட இலெமூரியா நூல், அகக்காட்சியால் கண்டதாகக் கூறப்பட்ட நிலவரைபடங்களை அறிவியல் நூலின் தோற்றத்தில் அச்சிட்டது.

சுமதி இராமசாமி 2004இல் வெளியிட்ட இலெமூரியா ஆய்வு இத்துறையின் தவிர்க்கவியலாத நூல். இழந்த நிலத்தை நினைவில் மீட்டெடுக்கும் உழைப்பை அவர் அறிவியலார், மறைஞானியர், தமிழர் என்ற மூவரிடத்தும் ஒப்பிடுகிறார். தமிழரிடம் அவ்வுழைப்பு, நிகழ்காலத்தில் மொழி இழக்கப்படுமோ என்ற அச்சத்தின் வடிவம் என்பது அவரது நுட்பமான வாசிப்பு. ஆனால் மூவரையும் இழப்பு என்ற ஒரே சொல்லால் கோக்கும்போது, அவர்கள் சான்று காட்டும் முறைகளுக்கு இடையிலான வேறுபாடு மங்கிவிடுகிறது. உரையாசிரியரின் கூற்றை மற்றோர் உரையாசிரியரின் கூற்றால் மறுக்கலாம்; கா. சு. பிள்ளைக்கும் வையாபுரிப் பிள்ளைக்கும் காலக்கணிப்பில் ஒத்துப்போகாமல் இருக்க முடிந்தது. அகக்காட்சியை மறுக்க மற்றோர் அகக்காட்சியே வேண்டும்.

தமிழ் இலெமூரியாவில் இனப்பெருமிதம் அறவே இல்லை எனல் உண்மையாகாது. முதல் மாந்தன் தமிழன், முதல் மொழி தமிழ் என்ற கூற்று, தேவநேயப் பாவாணரின் 1966ஆம் ஆண்டு ஆங்கில நூலில் முழுவடிவம் பெற்றது. அதில் பிறமொழிகளை வழிமொழிகளாக்கும் படிநிலை இருக்கிறது. எனினும் அப்படிநிலை சொற்களுக்கு இடையிலானது. வேர்ச்சொல்லாய்வு என்ற, எவரும் சரிபார்க்கக்கூடிய முறையைக் கோரியது. கலப்பினம், மலடாக்கல், குருதித்தூய்மை என்ற லான்ஸின் சொல்லாட்சிக்கு அதில் இடமில்லை. அக்காலத்தில் 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம், மறைபொருள் பேசுவோர் அனைவரையும் மேடைகளில் கேள்விக்குட்படுத்தி வந்தது. ஓர்டன், கழகம் என்று மூடிய அறைகளில் வளர்ந்த வியன்னாக் கருத்தியலுக்கும், பொதுக்கூட்ட மேடையில் வளர்ந்த தமிழ்க் கருத்தியலுக்கும் இடையிலான இவ்வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை.

மறைப்பதை மறுக்கும் மரபும் இம்மண்ணுக்கு உரியதே. இன்று தொழிற்சாலைகளால் அறியப்படும் ஒரகடம், சேரப்பணஞ்சேரி முதலிய ஊர்கள் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பிறந்தவர் இராமாநுசர். திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரப்பொருளை, நரகம் நேருமென்ற எச்சரிக்கையையும் மீறி அவர் பலரறிய வெளியிட்டார் என்பது குருபரம்பரைக் கதை. அதன் வரலாற்று உண்மை தனி விவாதம். இரகசியத்தை உடைப்பதே அருள் என்று ஒரு சமூகம் தன் ஆசாரியரைப் பற்றிக் கதை சொல்ல விரும்பியது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இதனால் தமிழ்ச்சூழல் தடுப்பூசி பெற்றுவிட்டது என்று கொள்வதற்கில்லை. கண்டநகர்வுக் கோட்பாடு 1960களில் நிலைபெற்றபின் மூழ்கிய இலெமூரியாவுக்கு அறிவியல் தேவை எதுவும் எஞ்சவில்லை. அதன்பின்னும் ஸ்காட்-எலியட் போன்றோரின் கூற்றுகளை 'மேலைநாட்டு அறிஞர் கருத்து' என்று அடையாளம் நீக்கி மேற்கோளாக்குவது நிகழுமாயின், அகக்காட்சி அறிவியலாக வேடமிட இடங்கொடுத்ததாகும். கீழடியின் மாதிரி ஒன்று பொதுக்காலத்துக்கு முன் 580ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்தபோது, அக்கணிப்பை மறுக்க விரும்புவோர் அடுத்த மாதிரியைச் சோதிக்கக் கோர முடிந்தது. தமிழின் தொன்மைக்கு வாதிடுவோர்க்கு இவ்விரு வகைச் சான்றுகளும் ஒரே நிறையுடையன அல்ல.

இந்திய மண்ணில் நேரடி விளைவு

ஐரோப்பிய ஆரியவாதம் இந்திய மண்ணிலேயே முழுமையான மறைஞான வடிவம் பெற்ற ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1905இல் பிரான்சின் லியோனில் பிறந்த மாக்சிமியானி போர்ட்டாஸ், 1932இல் இந்தியா வந்து சாவித்திரி தேவி எனப் பெயர் பூண்டார். 1939இல் அவர் எழுதிய 'இந்துக்களுக்கு ஓர் எச்சரிக்கை' நூலுக்குக் கணேஷ் தாமோதர் சாவர்க்கர் முன்னுரை வழங்கினார். போருக்குப் பின் ஜெர்மனியில் நாசிசத் துண்டறிக்கைகள் பரப்பிச் சிறைசென்றார். 1958இல் வெளியான அவருடைய 'மின்னலும் சூரியனும்', ஹிட்லரை அவதாரமாக்கி, கலியுக முடிவின் கல்கிக்கு முன்னோடியாக நிறுத்தியது. இவரைத் தனியே ஆராய்ந்த குட்ரிக்-கிளார்க்கின் 1998ஆம் ஆண்டு நூல், போருக்குப் பிந்தைய நவநாசிசத்தில் இவ்வெழுத்துகள் பெற்ற செல்வாக்கைக் காட்டுகிறது. யுகக் கணக்கு என்ற இந்தியக் கருத்து, படுகொலையைக் காலச்சுழற்சியின் ஒரு கட்டமாக விளக்கப் பயன்பட்டது. டாஸ்மேனியரின் அழிவைக் கர்மமாக விளக்கிய வாதத்தின் அமைப்பு இங்கும் மாறவில்லை.

அடையாற்றின் இருமுகம்

வியன்னாவைக் குறைகூறும் எழுத்துகள் அடையாற்றை எளிதில் குற்றமற்றதாக்கிவிடுகின்றன. சபையின் தலைவர் ஹென்றி ஆல்காட் 1894இல் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1898இல் அயோத்திதாச பண்டிதர் கொழும்பு சென்று பௌத்தம் தழுவவும் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவவும் துணைநின்றார். அயோத்திதாசரும் மறைந்த வரலாற்றையே தோண்டினார். பறையர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தர் என்று 1907 முதல் தம் இதழில் எழுதினார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் நூல்களையும் நிகண்டுகளையும் வாய்மொழி வழக்குகளையும் பொதுவில் வைத்து வாதாடிய அவர், மறைந்த பெருமையைக் கொண்டு எவரையும் கீழே தள்ளவில்லை. தள்ளப்பட்டவர்களை எழுப்பவே முயன்றார். மறைந்த பொற்காலம் என்ற கதைவடிவம் தன்னளவில் தீவிரவாதத்துக்கு இட்டுச்செல்வதில்லை என்பதற்கு லிஸ்ட்டையும் அயோத்திதாசரையும் அருகருகே வைத்துப் படிப்பதைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

ஆல்காட் 1907இல் மறைந்தார். அதே ஆண்டு தலைமையேற்ற அன்னி பெசன்ட், 1916இல் சுயாட்சி இயக்கம் தொடங்கி, 1917இல் காங்கிரஸ் தலைவரானவர். காலனிய எதிர்ப்பில் அவர் பங்கு மறுக்கவியலாதது. ஆனால் 1909 பிப்ரவரியில் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் ரிவ்யூ' இதழில், ஒடுக்கப்பட்ட வகுப்புக் குழந்தைகளைத் தூய்மையான பழக்கமுடைய பிற குழந்தைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது என்றும், அவர்களின் உடல்கள் பல தலைமுறைகளின் உணவாலும் பழக்கத்தாலும் கெட்டவை என்றும் எழுதினார். இக்கட்டுரையை அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட காங்கிரசும் காந்தியும் பற்றிய நூலில் எடுத்துக்காட்டினார். படிப்படியாகத் தூய்மையுறும் உடல்கள் என்ற கருத்து இங்கு அண்டவியலாக இல்லை. பள்ளிச் சேர்க்கை விதியாக இருக்கிறது. ஆல்காட் பெயரிலான பள்ளி இன்றும் சென்னையில் இயங்குகிறது. அப்பகுதியின் பெயர் பெசன்ட் நகர்.